பதினாறாம் நாள் கூத்து

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் பெரியவர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டிய இரவில் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. எந்தக் கதை என்று கூத்துக் குழுவான ஜமாக்காரர்கள் கேட்க மாட்டார்கள். காரிய வீடு என்றால் கர்ண மோட்சம்தான். இரவு பத்து மணிவாக்கில் மத்தளமும் முகவீணையும் தொடங்கினால், கர்ணன் தேர்த்தட்டில் சாய்வதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். கர்ணனுக்குக் கிடைக்கும் மோட்சம் அந்த வீட்டில் இறந்தவருக்கும் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

சென்னைப் புறநகரில் நான் இருக்கும் வேப்பம்பட்டில் அந்தச் சீமையிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடிக்கும் வேலைக்கு வந்து, அரக்கோணம் ரயிலை நம்பி மனை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டிக் குடியேறியவர்கள். இங்கே ஒரு சாவு விழுந்தால் காரியம் மண்டபத்திலேயே முடிந்துவிடுகிறது. வாசலில் ஃபிளெக்ஸ், மதியம் இலை போட்டுச் சாப்பாடு, மூன்று மணிக்கெல்லாம் சொந்தக்காரர்கள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போனவருக்காக ஓர் இரவு முழுக்க யாரும் விழித்திருப்பதில்லை. இதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சாவு வீட்டுக்கு ஏன் இந்தக் கதை? மோட்சம் என்று பெயரில் இருப்பதால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பொன்னுருவி நம் நாட்டுப்புறக் கதை மரபு தந்த பெண். பிறப்பறியாதவன் என்று புருஷனை இகழ்ந்தே வாழ்ந்தவள். அவன் குந்தி பெற்ற பிள்ளை என்று அவளுக்குத் தெரியவரும்போது அவன் வாசல்படியில் நிற்கிறான், திரும்பி வரப்போவதில்லை. களத்தில் கண்ணன் அந்தணர் வேஷத்தில் வந்து, அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாக வாங்கிக்கொண்டு போகிறான். பெற்றவள் கடைசியாக ஓடிவந்து மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு 'மகனே' என்கிறாள். உயிரோடு இருக்கும்போது சொல்லாமல் விட்ட வார்த்தைகளின் கதை இது. காரிய வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு வார்த்தையாவது தொண்டையில் நிற்கும்.

செய்யாறு பக்கம் ஒரு காரிய வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். மொட்டையடித்த மூத்த மகன் முதல் வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். பதினாறு நாளாக வந்தவர்களைக் கவனிப்பதும் பந்தலுக்குக் கணக்குப் பார்ப்பதுமாகவே ஓடியவர் என்று சொன்னார்கள். பொன்னுருவி வேஷம் கட்டியவர் ஐம்பதைத் தாண்டிய ஆண். மீசையை மழித்து, அரிதாரம் பூசி, கண்டாங்கிச் சேலை கட்டியிருந்தார். கர்ணனின் வேஷ்டி முனையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு அவர் குரலெடுத்ததும், மகன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உடம்பு குலுங்க அழுதார். பக்கத்தில் இருந்த யாரும் அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இறந்தவர்களுக்காக ஆடுவதை மெக்சிகோவில் ஊரே கூடிச் செய்கிறது. நவம்பர் 1, 2 தேதிகளில் செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோவதாக நம்பி, படம் வைத்து, பிடித்த பண்டங்களைப் படைத்து, செண்டுமல்லிப் பூவால் வழி போடுகிறார்கள். நம் மாலைகளில் கோக்கும் அந்தப் பூவே அந்த மண்ணிலிருந்து உலகம் சுற்றி வந்ததுதான். 2008-ல் யுனெஸ்கோ இந்தப் பண்டிகையை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. கிழக்கே உவாஸ்தேகா என்ற பகுதியில் முகமூடி போட்ட ஆண்கள், சிலர் பெண் உடையில், வயலின் இசைக்கு வீடு வீடாகப் போய் ஆடுகிறார்கள். வந்திருப்பது முன்னோர்களே என்று வீட்டார் வரவேற்கிறார்கள். மிச்சோவகான் மாநிலத்தில் புரேபெச்சா மக்களிடம் கிழவர் ஆட்டம் என்று ஒன்று உண்டு. சின்னப் பையன்கள்கூட சுருக்கம் விழுந்த கிழவன் முகமூடி மாட்டி, கோலூன்றிக் கூன் போட்டு நடந்து வருவார்கள். பிறகு மரச்செருப்புக் காலால் தரை அதிர மிதிப்பார்கள். தாத்தாவின் நடையை உடம்பில் வாங்கித்தான் அங்கே ஒரு பிள்ளை ஆடப் பழகுகிறான்.

நம் பக்கத்திலும் அப்படித்தான் காலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நான் கூத்து பழகப் போனபோது வாத்தியார் என் குரலைக் கேட்கவே இல்லை. "பாட்டு அப்புறம் வரட்டும்மா, முதல்ல மண்ண மிதி" என்றார். வாயால் ஜதி சொல்லிக்கொண்டே வெறுங்காலில் களத்தைச் சுற்றி வர வேண்டும். அது படிந்த பிறகு கிறிக்கி. உடம்பு பம்பரமாகச் சுழல வேண்டும், நிற்கும் இடத்தில் தாளமும் நிற்க வேண்டும். மைக் இல்லாத காலத்தில் உருவான ஆட்டம் என்பதால் பாட்டு உச்சஸ்தாயியில்தான். ஆடிக்கொண்டே அந்த உயரத்தில் பாடும்போது மூச்சு எங்கே போகிறது என்றே தெரியாது. இதற்கு மேல் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. லேசான மரம்தான், ஆனால் விடியும்போது அது லேசாக இருப்பதில்லை. முன்பின் தெரியாத ஒருவருடைய அப்பாவுக்காக இவ்வளவு பாடுபடுகிறோம் என்ற நினைப்பு வந்தபோதுதான் எனக்கு ஆட்டமே பிடிபடத் தொடங்கியது.

சாவோடு சேர்ந்த கலைகளைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாவுக்குப் பறையடிக்கும் வேலை ஒரு சாதியின் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்டது. இனி அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களின் நியாயம் முழு நியாயம். அதே பறையைத் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்களும், சென்னையில் புத்தர் கலைக்குழுவினரும் தலைநிமிர்ந்து ஏந்தி ஊரெங்கும் ஆடியது பெரிய திருப்பம். யாரும் பணிக்காமல், விரும்பிக் கற்பவருக்கே இந்தக் கலைகள் இனிச் சொந்தம். கூத்துக்கும் அதையே சொல்வேன்.

கற்க இடம் இல்லாமல் இல்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை தலைமுறைகளாக ஆடிவருகிறது. நடிகர்களை உருவாக்கிய ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று அந்த ஊர். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். ஆண்களே பொன்னுருவியாக நின்ற களரியில் ஒரு பெண் கர்ணனாக நிற்க அது வழி திறந்தது. குருகுலம் மூடப்பட்டுவிட்டாலும் அங்கே படித்தவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாரதக் கூத்தும் தீமிதியுமாகப் பங்குனி தொடங்கி ஆடி வரை ஜமாக்களுக்கு ஓய்வே இருக்காது. மழை பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வாத்தியார்கள் வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்க அதுதான் நேரம். வெற்றிலை பாக்கோடு போங்கள். எங்கள் வேப்பம்பட்டில் அடுத்த பெரிய சாவுக்கு மண்டபத்தை மறுநாளுக்கும் சேர்த்துப் பேசி, ஓர் இரவு கூத்து வைப்பதென்று தெருவில் சிலரோடு பேசி வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்குக் காலி மனை ஒன்றைத் தர அதன் சொந்தக்காரர் சம்மதித்திருக்கிறார்.