இருக்கைக்கு ஒரு மூச்சுக்கருவி



2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற இரண்டு தீயணைப்பு வீரர்கள், கட்டடம் இடிந்து உயிரிழந்தார்கள். இடிபாட்டைத் தலைக்கவசம் தடுக்காதுதான். ஆனால் புகையிலிருந்து காக்கக் கருவி உண்டு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே போனவர் மயங்கி விழும்வரை ஆபத்தை உணராமலே போகலாம்.

ஆகவே, தீயணைப்பு வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை மூச்சுக்கருவியும், தீ தாங்கும் உடையும், கையுறையும் இருக்க வேண்டும். இருக்கையின் முதுகிலேயே மூச்சுக்கருவியின் காற்று சிலிண்டரைப் பொருத்திவிட்டால், சீட் பெல்ட்டைக் கழற்றாமல் போகும் வழியிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஒரு சிலிண்டர் ஏறக்குறைய அரை மணி நேரமே தாங்கும். மாற்று சிலிண்டரும் தேவை.

புதிய வண்டி வாங்கும்போதே இதை ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், மதுரை