மாட வீதிகள் நடப்பவர்களுக்கே

திருவண்ணாமலை ஏன் இப்படிப் போக்குவரத்து நெரிசலில் திணறுகிறது என்பதற்கு அதன் வரைபடமே விடை சொல்லும். மேற்கே 2,668 அடி உயர மலை. அதன் கிழக்கு அடிவாரத்தில் கோயில், அதைச் சுற்றி மாட வீதிகள், அதற்கு அப்பால் ஊர். மலையைத் தாண்டி ஊர் வளர வழியில்லை. வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், திருக்கோவிலூர் பக்கமிருந்து வரும் சாலைகள் எல்லாம் இந்தக் கிழக்குப் பகுதியில்தான் வந்து கூடுகின்றன. பெங்களூரு, கிருஷ்ணகிரி வண்டிகள் வரும் செங்கம் சாலையோ மலையின் தென்புறத்தை ஒட்டி ஓடுகிறது. கிரிவலம் போகிறவர்கள் நடப்பதும் அதே சாலையில்தான். இந்த நெருக்கடிக்குச் சாலையை அகலப்படுத்துவதே மருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. மாட வீதிகள் நான்கிலும் மோட்டார் வண்டிகளை அன்றாடமே தடைசெய்துவிட வேண்டும்.

அந்த வீதிகள் தேருக்காகவும் கால்நடையாக வரும் கூட்டத்துக்காகவும் அமைந்தவை. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வலம்வர அவற்றில் இடம் இருக்கிறது. மற்ற நாட்களில் அந்த அகலத்தை நிறுத்திவைத்த கார்களும் வேன்களும் ஆட்டோக்களும் தின்றுவிடுகின்றன. நடப்பவர் வடிகால் ஓரத்துக்கு ஒதுங்குகிறார். பௌர்ணமியன்று மட்டும் நிலைமை தலைகீழ். பேருந்துகளை ஊர் எல்லையிலேயே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுகிறார்கள். லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் இந்த ஊர் செய்து பழகிய காரியம் இது. முன்பு பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மட்டும் திரண்ட கூட்டம் இப்போது ஆந்திரம், தெலங்கானாவிலிருந்தும் வார இறுதி தோறும் வருகிறது. ஏற்பாடு மட்டும் பழைய நாட்காட்டியிலேயே நிற்கிறது.

புறவழிச் சாலை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். ஊரைக் கடந்து போகிற லாரிக்கு அது உதவும். மாட வீதிகளில் ஒன்றான தேரடி வீதியை அடைத்து நிற்கும் வண்டி எங்கும் கடந்து போவதில்லை. கோயிலுக்கென்றே வந்தது அது. சாலையை எவ்வளவு அகலமாக்கினாலும் வந்து நிற்கும் இடம் அதே கோபுர வாசல்தானே? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்று ஒரு நகரம் உண்டு. மக்கள்தொகை சுமார் 2 லட்சம். கார்கள் எளிதாகப் போய்வரட்டும் என்று 1950களிலும் 60களிலும் நகர மையத்தை நெருக்கிச் சுற்றி, பள்ளத்தில் ஓடும் ஒரு விரைவுச் சாலையை அமைத்தார்கள். அது மையத்தைச் சுற்றுப்புறக் குடியிருப்புகளிலிருந்து துண்டித்துவிட்டது. கடைசியில் 2014 முதல் 2017 வரை அதன் கிழக்குப் பகுதியை மண் கொட்டி மூடி, சாதாரணத் தெருவாக்கினார்கள். மீட்ட நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்தன. அவ்வளவு செலவழித்து அவர்கள் கற்ற பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

வியாபாரிகளின் அச்சத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. கார் வராவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்கிறார்கள். ஆனால் மாட வீதிக் கடைகளில் பூவும் தேங்காயும் பாத்திரமும் வாங்குகிறவர் நடந்து வருகிறவர்தான். கடை வாசலை மறைத்து நிற்கும் காரால் கடைக்காரருக்கு நட்டமே. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கினார்கள். கடைவீதி இன்றும் கடைவீதியாகவே இருக்கிறது. முதியோரும் நடக்க இயலாதவர்களும் என்ன செய்வார்கள் என்பது இதைவிடக் கனமான கேள்வி. அவர்களுக்கு ஊர் எல்லை வாகன நிறுத்தங்களிலிருந்து கோபுர வாசல் வரை கட்டணமில்லாத பேட்டரி வண்டிகள் இடைவிடாமல் ஓட வேண்டும். அது தயாராகும் முன் தடையை விதிக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் காலியான வீதியைப் போல வசதி வேறில்லை. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு தரலாம். சரக்கு வண்டிகளை விடியற்காலையில் விடலாம். மாட வீதிகளில் சிமென்ட் தளம் போட்டாயிற்று. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊருக்கு வாகன நிறுத்தத்தை ஒழுங்குபடுத்த அதிகாரமும் இருக்கிறது. முதலில் தேரடி வீதியில் தொடங்கட்டும், அடுத்த தீபத்துக்குக் காத்திராமல்.