ரொபோ வந்துவிடும், ஆசிரியர் வருவாரா?

மட்டக்களப்பு–கல்முனை வீதியில் செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையில் உள்ள ஊர் தேற்றாத்தீவு. இது பட்டிருப்பு கல்வி வலயத்துக்குள் வருகிறது. அந்த வலயம் வாவியின் இரு பக்கமும் பரந்தது. எழுவான்கரைப் பாடசாலைகள் பிரதான வீதியை ஒட்டி இருக்கின்றன. படுவான்கரைப் பாடசாலைகளுக்கு வாவியைக் கடந்துதான் போக வேண்டும்.

கோடிங்கையும் ரொபோட்டிக்ஸையும் பின்தங்கிய பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்வது பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2024இல் கல்வி அமைச்சு மைக்ரோசொப்ட் நிறுவனத்துடன் சேர்ந்து, தெரிவுசெய்த பாடசாலைகளில் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர்களும் உதவ முன்வருகிறார்கள். இந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கையளிப்பு நிகழ்வு முடிந்த அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பெட்டியை வைத்து யார் பாடம் எடுப்பார் என்ற கேள்விக்குப் பல திட்டங்களில் பதில் இல்லை.

பாடத்திட்டத்தில் நிரலாக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கனிஷ்ட இடைநிலை வகுப்புப் பாடநூல்களில் ஸ்க்ராட்ச் வருகிறது. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு தெரிவுப் பாடம். ஆக, இல்லாதது பாடமல்ல. அதைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரும், வேலை செய்யும் கணினியும், நேரசூசியில் ஓர் இடமும்தான் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரேயளவில் கிடைப்பதில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் அளவீடுகளின்படி, நாட்டில் சுமார் ஐந்தில் ஒரு வீட்டில்தான் மேசைக்கணினியோ மடிக்கணினியோ உண்டு. பாடசாலையில் தொடாத பிள்ளை வீட்டிலும் தொடாது.

கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் இன்னொரு சிக்கல், இடமாற்றம். பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியர் மாறிப்போனால் திட்டமும் அவரோடு போய்விடும். மோட்டார், சென்சர் எல்லாம் இறக்குமதிப் பொருட்கள். 2022 நெருக்கடியில் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியபோது இவற்றின் விலையும் ஏறியது. ஒரு சென்சர் பழுதானால் மாற்றுவதற்கான செலவு யாருடையது என்று முதலிலேயே தீர்மானிக்காவிட்டால், பெட்டி அலுமாரிக்குள் போகும்.

கேரளத்தின் அனுபவம் இங்கே பயன்படும். அங்கு 2025 ஜூனில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 4.3 இலட்சம் பேருக்கும் ரொபோட்டிக்ஸ் கட்டாயப் பாடமானது. 29,000 ரொபோட்டிக் பெட்டிகள் பாடசாலைகளுக்குப் போயின. அது ஒரே நாளில் நடந்ததல்ல. இரண்டாயிரத்தின் தொடக்கத்திலிருந்தே அரசு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத கட்டற்ற மென்பொருளைப் பாடசாலைகளில் நிறுவியது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் கழகங்களைத் தொடங்கியது. அதன் பிறகே எல்லோருக்கும் பெட்டி வந்தது.

நமது வலயத்துக்கு அந்த அளவு பணம் இல்லை. ஆனால் அந்த ஒழுங்குமுறையைப் பின்பற்றலாம். ஒவ்வொரு பாடசாலையிலும் குறைந்தது இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒருவர் மாறினாலும் மற்றவர் இருப்பார். ஸ்க்ராட்ச் இணையம் இல்லாமலும் இயங்கும். பழைய கணினிகளில் அதிலிருந்து தொடங்கலாம். பெட்டிகளைப் பாடசாலைக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்காமல் வலய மட்டத்தில் ஒரு தொகுதியாக வைத்து, படுவான்கரைக்கு முதலில் அனுப்பலாம். வீதியோரப் பாடசாலைகளுக்கு உதவி எப்படியும் வந்து சேரும். மட்டக்களப்பில் ட்ரீம்ஸ்பேஸ் அகடமி போன்ற இடங்களில் உள்ள தொழினுட்ப இளைஞர்களைத் திருத்த வேலைக்கும் வழிகாட்டலுக்கும் இணைக்கலாம்.

என்ன செய்யக் கற்பிப்பது என்பதும் முக்கியம். கோட்டைப் பின்தொடரும் ரொபோ போட்டிக்கு நல்லது. ஆனால் மாரியில் வாவி நிறைந்து, ஆற்றுவாய் எப்போது வெட்டப்படும் என்று ஊரே காத்திருக்கும் பிரதேசம் இது. நீர்மட்டத்தை அளக்கும் ஒரு சிறிய சென்சரைப் பிள்ளைகள் தாங்களே செய்து, பதிவுகளை ஒரு மாரிகாலம் முழுக்க எடுத்துப் பார்த்தால், நிரலாக்கம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மரக்கறித் தோட்டத்தின் மண் ஈரத்தையும் அப்படி அளக்கலாம்.

உதவி செய்ய விரும்புவோரிடம் நான் கேட்பது இதுதான்: கையளித்த பெட்டிகளை எண்ணுவதோடு நிற்காதீர்கள். இரண்டு வருடம் கழித்து அதே பாடசாலைக்குப் போய், எத்தனை பிள்ளைகள் தாங்களாகவே ஒரு நிரலை எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள். அடுத்த உதவி எங்கே தேவை என்பதை அந்தக் கணக்கு சொல்லும்.