வேதாளம் மரம் ஏறினால் என்ன?

மாயாஜாலக் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினோம். "பிரசுரிக்க இயலவில்லை"ன்னு பதில் வந்தது. உடனே கிழிச்சுப் போடலாமா? கூடாது!

முதல் 'ஹாரி பாட்டர்' நாவலை 12 பதிப்பகங்கள் மறுத்தன. 1997-இல்தான் அது புத்தகமானது.

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம சென்னையில் 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வை நம் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அதில் வேதாளம் ஒவ்வொரு முறையும் தப்பி முருங்கை மரம் ஏறிடும். விக்கிரமாதித்தன் அழுதானா? மறுபடியும் மரத்துக்கே போனான்!

நாமும் போவோம். பிரதி ஒன்றைக் கையில் வைத்து, ஒரு வாரம் கழித்துப் படிப்போம். மந்திரக்கோலை அசைத்ததும் எல்லாக் கஷ்டமும் தீர்ந்தால் என்ன சுவாரஸ்யம்? அதைத் திருத்துவோம். மாயக்கோட்டை வெளிநாட்டில்தான் இருக்கணுமா? பட்டினப்பாக்கம் கடலுக்கு அடியில் இருக்கட்டுமே! பிறகு வேறு பத்திரிகைக்கு அனுப்புவோம்.

மறுத்தது கதையைத்தான், நம்மை அல்ல!