செக் இன்ஜின் லைட் எரிந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றணுமா? பழைய பெட்ரோல் எஸ்யுவி வைத்திருக்கும் திருப்பூர்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிறார்கள். ‘பி0171’ என்றோ ‘பி0133’ என்றோ ஒரு கோடு வருகிறது. “ஆக்சிஜன் சென்சார் போச்சு, மாத்திடலாம்” என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. இரண்டு வாரம் கழித்து அதே விளக்கு மறுபடி எரிகிறது!

பழைய பெட்ரோல் எஸ்யுவி வைத்திருப்பவர்கள் பலருக்கும் இது பழகிப்போன கதைதான். ஆனால், இ20 பெட்ரோல் நாடு முழுக்க வந்த பிறகு இதில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, பின்னலாடைத் தொழிலையே நம்பியிருக்கும் திருப்பூரில் புது வண்டி வாங்கும் யோசனையைப் பலர் தள்ளிப்போட வேண்டிய நிலை. இருக்கிற வண்டியையே இன்னும் சில வருஷம் ஓட்டணும் என்றால், அந்த விளக்கு உண்மையில் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஆக்சிஜன் சென்சார் என்ன செய்கிறது?

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதம் சரியாக இருக்கிறதா என்று புகைக்குழாயில் உட்கார்ந்து கவனிப்பதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் பெட்ரோல் குறைவு, அதாவது ‘லீன்’. ஆக்சிஜனே இல்லை என்றால் பெட்ரோல் அதிகம், அதாவது ‘ரிச்’. வழக்கமான சென்சார் இதை 0.1 முதல் 0.9 வோல்ட் வரையிலான சிக்னலாக மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரான இசியு-வுக்கு அனுப்பும். அதைப் பார்த்து இசியு பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

பெரும்பாலான வண்டிகளில் இரண்டு சென்சார் இருக்கும். கேட்டலிடிக் கன்வெர்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் சென்சார் கலவையைப் பார்க்கும். பின் சென்சார் கன்வெர்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கும்.

இந்த இடத்தில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் ஃபீடரில் விளக்கு எரிந்து மெஷின் நிற்கும். அதற்காக யாரும் அந்த விளக்கைக் கழற்றி மாற்றுவதில்லை. கோன் சரியில்லையா, டென்ஷன் அதிகமா, ஊசி உடைந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஓபிடி கோடும் அப்படித்தான். கம்ப்யூட்டர் எதைக் கவனித்தது என்று மட்டும் அது சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது.

எந்தக் கோடுக்கு என்ன அர்த்தம்?

பி0135, பி0141: முன், பின் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. சென்சார் சரியாக வேலை செய்ய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். அதற்காகவே உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. முதலில் ஃபியூஸ், பிறகு எலி கடித்த ஒயர், கடைசியில்தான் சென்சார்.

பி0131, பி0132, பி0134: சிக்னல் ரொம்பக் குறைவு, ரொம்ப அதிகம், சிக்னலே இல்லை. ஒயர், கனெக்டர், சென்சார் மூன்றுமே காரணமாக இருக்கலாம்.

பி0133: சென்சார் மெதுவாக வேலை செய்கிறது. அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டியில் சென்சாரே வயதாகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் புகைக்குழாயில் லீக் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பி0171: கலவை லீன். இது பெரும்பாலும் சென்சார் கோளாறு இல்லை. சென்சார் உண்மையைச் சொல்கிறது என்றுதான் அர்த்தம்!

பி0420: கேட்டலிடிக் கன்வெர்டரின் திறன் குறைவு. மிகவும் செலவு வைக்கும் கோடு இதுதான். கன்வெர்டரை மாற்றும் முன் புகைக்குழாய் லீக், பின் சென்சார், மிஸ்ஃபயர் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

இ20 எங்கே வருகிறது?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் மோடி அறிமுகப்படுத்தினார். 2025-ல் நாடு 20 சதவீத இலக்கை எட்டியதாக மத்திய அரசு அறிவித்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. ஆக, பங்கில் வழக்கமான பெட்ரோல் போட்டால் பழைய வண்டிக்கும் இ20-தான்.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அது எரிய 9 மடங்கு காற்று போதும். கணக்குப் போட்டால் இ10-க்குத் தேவையான விகிதம் சுமார் 14.1, இ20-க்கு 13.5. சாதாரண பெட்ரோலுக்காக டியூன் செய்யப்பட்ட வண்டியில் இ20 போட்டால், சுமார் 7 முதல் 8 சதவீதம் கூடுதலாக எரிபொருள் தெளிக்க வேண்டியிருக்கும். இ10-க்கு டியூன் ஆன வண்டிக்குக் கிட்டத்தட்ட 4 சதவீதம்.

இதைச் சென்சார் கண்டுபிடித்து இசியு தானாகவே சரிசெய்துவிடும். இந்தத் திருத்தத்துக்குப் பெயர் ‘ஃபியூவல் டிரிம்’. பொதுவாக 10 சதவீதம் வரை டிரிம் இருந்தால் பயமில்லை. பல வண்டிகளில் 20 முதல் 25 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் பி0171 வரும்.

இ20 மட்டும் விளக்கை எரிய வைப்பதில்லை. ஆனால், ஏற்கெனவே 15 சதவீதத் திருத்தத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டியை அது எல்லைக்கோட்டுக்குத் தள்ளிவிடலாம். ‘இ20 போட்டதும் சென்சார் போச்சு’ என்று தோன்றும் பல வண்டிகளில், உண்மையான கோளாறு பழைய ஹோஸில் இருக்கக்கூடும்.

மைலேஜ் குறைவதும் இதே கணக்குதான். பெட்ரோலைவிட எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு இ10-க்கு டியூன் செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதற்கு மேல் விழுந்தால் வேறு கோளாறும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருப்பூர் ஓட்டத்தில் என்ன விசேஷம்?

நிட்டிங்கில் இருந்து டையிங், அங்கிருந்து கம்பாக்டிங், பிறகு ஸ்டிச்சிங் யூனிட் என்று இங்கே வண்டிகள் ஓடுவது பெரும்பாலும் சின்னச் சின்ன தூரம். இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்தினால், ரிச் கலவையின் கரியும் புகைக்குழாயில் தேங்கும் ஈரமும் சென்சாரின் ஆயுளைக் குறைக்கும்.

இன்னொன்று ஏர் ஃபில்டர். பஞ்சும் தூசியும் அதிகம் என்பதால் அடிக்கடி கழற்றி கம்ப்ரஸர் காற்றில் ஊதுவது வழக்கம். அழுத்தம் அதிகமானால் பேப்பர் ஃபில்டர் கிழியும். உள்ளே போகும் தூசி, காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்தால் அது அளவைக் குறைத்துச் சொல்லும். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஃபில்டரைத் திரும்ப மாட்டும்போது டக்ட் கிளாம்ப் சரியாக உட்காராவிட்டால், அளக்கப்படாத காற்று உள்ளே போகும். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்: பி0171!

பணம் கொடுக்கும் முன் என்ன கேட்கணும்?

கோடை மட்டும் பார்க்காமல், லைவ் டேட்டாவில் ஃபியூவல் டிரிம்மைக் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

* ஐடிலில் டிரிம் மிக அதிகம், 2,500-ல் இறங்குகிறது என்றால்: வேக்குவம் லீக். வெடித்த ஹோஸ், பிசிவி குழாய், இன்டேக் கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்மோக் டெஸ்ட் செய்தால் இடம் தெரிந்துவிடும்.
* ஐடிலில் பரவாயில்லை, வேகத்திலும் லோடிலும் ஏறுகிறது என்றால்: ஃபியூவல் ஃபில்டர், பம்ப், மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார்.
* இரண்டிலும் ஒரே மாதிரி சுமார் 8 சதவீதத்துக்குள் என்றால்: அது இ20-யின் வேலையாக இருக்கலாம். மாற்ற ஒன்றும் இல்லை.

சென்சார் நல்லதா என்பதும் லைவ் டேட்டாவிலேயே தெரியும். சூடான இன்ஜினில் முன் சென்சாரின் வோல்டேஜ் வேகமாக ஏறி இறங்க வேண்டும். பின் சென்சார் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்க வேண்டும். அதுவும் முன் சென்சாரைப் போலவே ஆடினால் கன்வெர்டர் மீது சந்தேகம். சில வண்டிகளில் முன்னால் இருப்பது ‘வைடுபேண்ட்’ வகை. அதில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது என்பதால் உங்கள் மாடலில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை வைத்து, மொபைலிலேயே இவற்றில் பெரும்பாலானதைப் பார்த்துவிடலாம். கோடை அழிக்கும் முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும்தான். டீசல் பொலிரோ, ஸ்கார்பியோ, இன்னோவாவுக்கு இ20 சிக்கல் கிடையாது.

விளக்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால்?

விளக்கு நிலையாக எரிந்தால் சில நாட்களுக்குள் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வெர்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். உடனே வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். ஒரு இக்னிஷன் காயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்கு ஆவது இப்படித்தான்.

புகைச் சான்றிதழும் கவனிக்க வேண்டிய விஷயம். பிஎஸ்-4 பெட்ரோல் கார் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். சென்சார் கெட்டு கலவை ரிச் ஆனால் இதில் தேறுவது கஷ்டம். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதம் விதிக்க முடியும்.

ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. 28 சதவீதமாக இருந்த வாகன உதிரி பாகங்களின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. சென்சார் மாற்றித்தான் ஆகணும் என்றால் பில்லில் அந்த 18 சதவீதத்தைச் சரிபாருங்கள். ஆனால், மாற்றுவதற்கு முன்னால் டிரிம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் வரவில்லை என்றால், அந்த பில்லுக்கு இன்னும் நேரம் வரவில்லை.