ஏ.சி.யை அணைத்த ஓட்டுநர்களும் காகித மைலேஜும்

2024 ஏப்ரலில், கோடை வெயில் ஏறிய நேரத்தில், ஐதராபாத்தின் செயலிவழி வாடகைக் கார் ஓட்டுநர்கள் வழக்கத்திற்கு மாறான ஒரு போராட்டத்தை அறிவித்தனர். வேலைநிறுத்தம் அல்ல, மறியலும் அல்ல, காரில் ஏ.சி. போட மாட்டோம் என்பதே அது. தெலங்கானா கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கம் முன்வைத்த கணக்கு எளியது. ஏ.சி.யுடன் ஓட்டினால் ஓட்டுநரின் உழைப்பு நேரம், பராமரிப்பு உட்பட கிலோமீட்டருக்கு 16 முதல் 18 ரூபாய் வரை செலவாகிறது. கிடைப்பதோ 10 முதல் 12 ரூபாய். எரிபொருள் விலை உயர்ந்த 2022 மார்ச்சிலும் இதே நகரில் இதே போராட்டம் நடந்தது.

பயணிகளை வாட்டும் செயல் என்று இதைப் பழித்தவர்கள், கார் நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் மைலேஜ் எங்கே அளக்கப்படுகிறது என்று கேட்டிருக்க வேண்டும். அது சாலையில் அளக்கப்படுவதில்லை. ஆய்வகத்தில், சுழலும் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி அளக்கிறார்கள். அதில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர், ஏ.சி. அணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர்கள் போராட்டமாகச் செய்ததை ஆய்வகம் விதிமுறையாகவே வைத்திருக்கிறது!

மாருதி வேகன்-ஆர் இரண்டு பெட்ரோல் எஞ்சின்களில் வருகிறது. கையால் கியர் மாற்றும் வகையில் 998 சிசி எஞ்சினுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 24.35 கிலோமீட்டர், 1197 சிசிக்கு 23.56. காகிதத்தில் வேறுபாடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மாதாப்பூர் சிக்னலில் நிற்கும்போது சிறிய எஞ்சின் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மையே. ஆனால் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி, ஏ.சி. கம்ப்ரசரும் எஞ்சினிடமே விசையைப் பறிக்கும்போது, மேம்பால ஏற்றத்தில் அதே சிறிய எஞ்சினைக் கீழ்க்கியரில் முடுக்கித்தான் ஓட்ட வேண்டும். அந்த இடத்தில் சிக்கனம் கரைகிறது. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையில் வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பே பெருஞ்செலவு. எஞ்சின் அளவு பின்னுக்குப் போய்விடுகிறது. எனவே எத்தனை சிசி என்பதைவிட, எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு, யார் செலவில் என்பதே முதன்மையான கேள்வி.

அந்த ஏப்ரலில் ஐதராபாத்தில் பெட்ரோல் லிட்டர் 107 ரூபாய் 41 காசு. காகித மைலேஜ் 24.35 கிடைத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 41 காசு ஆகும். நெரிசலிலும் ஏ.சி.யிலும் அது 14ஆகக் குறைகிறது என்று கொண்டால் 7 ரூபாய் 67 காசு. நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடுபவருக்கு வேறுபாடு ஏறத்தாழ 490 ரூபாய். நிறுவனத்தின் கமிஷனில் இதனால் ஒரு காசும் குறைவதில்லை. பயணியை ஏற்றிக்கொள்ள வெறும் காராக ஓடும் தூரத்தின் பெட்ரோலும் ஓட்டுநர் தலையில்தான். பெயர் 'கூட்டாளி', நடைமுறையில் எரிபொருளையும் தானே வாங்கிப் போடும் துண்டுக்கூலித் தொழிலாளி.

விலையில் அரசுகளின் பங்கு சிறிதல்ல. 2014 தொடக்கத்தில் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த ஒன்றிய கலால் வரி, 2024 ஏப்ரலில் 19 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிரப்படும் அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. தெலங்கானாவின் 35.2 சதவீத வாட் வரியோ ஆட்சி மாறியும் குறைக்கப்படவில்லை. இதற்கு மேல் எத்தனால் வேறு. 10 சதவீதக் கலப்புக்கெனச் சீரமைக்கப்பட்ட கார்களில் 20 சதவீதக் கலப்பைப் பயன்படுத்தினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என நிதி ஆயோக் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. அந்த இழப்பை ஈடுகட்ட பங்கில் விலை குறைக்கப்படவில்லை.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொந்தக் கார் வைத்திருக்கும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் தரவேண்டும் என்கின்றன; வெற்று ஓட்டத்தை ஈடுகட்ட, அடிப்படைக் கட்டணம் குறைந்தபட்சம் 3 கிலோமீட்டருக்கு இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்த அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்பதை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. அதை ஆய்வகத்து 24 கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடுவதா, மே மாத மதியத்தில் ஏ.சி. ஓட, மெஹதிப்பட்டணத்திலிருந்து ஹைடெக் சிட்டிக்கு ஊர்ந்து செல்லும் காரின் மைலேஜை வைத்தா? அந்தக் கணக்குப் போடப்படும் மேசையில் ஓட்டுநர் சங்கங்களுக்கு இருக்கை உண்டா என்பதைப் பொறுத்தது இதற்கான விடை.