பழவேற்காட்டுப் பாடும் மேகத்துக் கூலியும்

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை அடுத்த இறால் நிலங்களில் இன்று எவர் வலை கட்டுவது என்பதை எந்த முதலாளியும் தீர்மானிப்பதில்லை; சர்க்கார் அதிகாரியும் தீர்மானிப்பதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய கிராமங்கள் தமக்குள் முறை வகுத்துக்கொண்டு, ஊருக்குள் பங்காளிகளின் பெயருக்குச் சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன இடம் என்று முடிவு செய்கின்றன. இதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஒருவனுக்கு நல்ல இடம் வாய்த்தால் அடுத்த முறை வேறொருவனுக்கு வாய்க்கும். வழக்கு நேர்ந்தால் ஊர்க்கூட்டம் இருக்கிறது. அங்கே எழுந்து நின்று ‘ஏன்?’ என்று கேட்கலாம். கேட்டவனுக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும்.

இந்தப் பழைய ஏற்பாட்டை இன்று நேயர்களுக்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஏரி முன்போல் இல்லை. முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்துபோகிறது. கடல்நீர் வந்துபோகாத ஏரியில் இறால் ஏறுவதில்லை. குப்பங்களில் படித்த பெண்கள் இருக்கிறார்கள். பாட்டில் அவர்களுக்குப் பங்கில்லை. நாள்தோறும் பட்டணத்துக்குப் போய்வருவதும் எல்லோராலும் இயலாது. இத்தகைய இடங்களைத் தேடிக்கொண்டுதான் ஒரு புதிய கூலிவேலை வருகிறது. 2007-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் தோன்றிய தேசிக்ரூ என்னும் கம்பெனி, திருவாரூர் ஜில்லாவிலுள்ள கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களுக்குக் கணினி வேலையைக் கொண்டுசென்றது. செயற்கை அறிவு யந்திரங்களுக்குப் பாடம் தயாரிப்பதும் பின்னர் அதன் தொழில்களில் ஒன்றாயிற்று. கொல்லுமாங்குடிக்கு வந்தது பழவேற்காட்டுக்கு வர நெடுங்காலம் ஆகாது. வருமுன்னரே நிபந்தனைகளைப் பேசிவைப்பது நலம் என்பது நமது அபிப்பிராயம்.

வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். யந்திரம் தானாக எதையும் அறிவதில்லை. மாட்டு வண்டி எது, மனிதன் எவன் என்று பல்லாயிரம் படங்களில் ஒருவர் கோடிட்டுக் காட்டிப் பெயர் எழுதிக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். இவ்வாறு பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலைக்கு ‘டேட்டா லேபிளிங்’ என்று பெயர். ஃபெய்-ஃபெய் லீ என்ற பேராசிரியை அமெரிக்காவில் தொகுத்த ‘இமேஜ்நெட்’ என்னும் படக் களஞ்சியத்தில் 1 கோடியே 40 லட்சம் படங்கள் உண்டு. 167 நாடுகளில் சுமார் 49,000 பேர் அவற்றுக்குச் சீட்டு ஒட்டினார்கள். அப்பேராசிரியையின் பெயரை உலகம் அறியும். அந்த 49,000 பேரில் ஒருவர் பெயரையும் நாம் அறியோம்.

அவர்களுக்கு வேலை பங்கிட்டது அமேசான் கம்பெனி 2005-இல் தொடங்கிய ‘மெக்கானிக்கல் டர்க்’ என்னும் சந்தை. அதே கம்பெனி 2018-இல் ‘கிரவுண்ட் ட்ரூத்’ என்ற மற்றோர் ஏற்பாட்டையும் வெளியிட்டது. வேலை கொடுப்பவர் படங்களை ‘கிளவுட்’ என்னும் மேகக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு, வேலைக் குறிப்பு எழுதி, துண்டுக்கு இன்ன விலை, இன்ன கெடு என்று நிர்ணயித்து, பொதுச் சந்தையிலுள்ளவர்கள் செய்வதா, காண்டிராக்டர் செய்வதா, சொந்த ஆட்கள் செய்வதா என்று பொறுக்கிக்கொண்டால் போதும். மீதியைக் கணினியே நடத்திவிடும். மேகம் என்பது பெயர்தான். எங்கோ ஓர் ஊரில் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு இரைந்துகொண்டிருக்கும் கட்டடம் அது. ஆனால் வேலை செய்பவளுக்கு அது மெய்யாகவே மேகமாகத்தான் இருக்கிறது. எட்டவும் எட்டாது; கூப்பிட்டால் கேட்கவும் கேட்காது.

இந்த நிர்வாகத்தில் மூன்று அம்சங்களை நமது குப்பத்துப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தள்ளுபடி. பொதுச் சந்தையில் வேலை கொடுத்தவர் ‘இது சரியில்லை’ என்று தள்ளிவிட்டால் கூலி கிடையாது. செய்து கொடுத்த வேலை மட்டும் அவரிடமே தங்கிவிடும். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 பேரை விசாரித்து 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பேருக்கு இவ்விதம் வேலை தள்ளுபடியோ கூலி மறுப்போ நேர்ந்திருப்பதாகக் கண்டது. வேலை தேடும் நேரத்தையும், குறிப்புப் படிக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களுள் பாதிப்பேர் மணிக்கு 2.16 டாலருக்கும் குறைவாகவே சம்பாதித்தனர்.

இது பழவேற்காடு காணாத சங்கதியன்று. 1613-இல் டச்சுக்காரர் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்தை நடத்தினார்கள். இடைத்தரகர் மூலம் நெசவாளருக்கு முன்பணம். மாதிரித் துணி ஒன்று. நெய்து வந்ததை மாதிரியோடு ஒத்துப்பார்த்து, ஒவ்வாததைத் தள்ளுவது — இதுவே அக்காலத்துக் கம்பெனிகளின் வழக்கம். அதில் நெசவாளர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. எனினும் தள்ளுபடியான துணி நெய்தவன் பக்கத்துக்கே திரும்பி வந்தது. அதை வேறொருவருக்கு அரை விலைக்காவது விற்கலாம். இன்றைய ஏற்பாட்டிலோ துணியும் போயிற்று, விலையும் போயிற்று. டச்சுக் கம்பெனிக்கும் தோன்றாத தந்திரம் இது!

இரண்டாவது, பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரே படத்தை மூவருக்கோ ஐவருக்கோ கொடுத்து, அவர்களுடைய விடைகளை ஒன்றுசேர்த்து ஒரு விடையாக்குவது இத்தொழிலின் வழக்கம். மாறுபட்டவரின் விடை பயனற்றுப் போவதோடு அவர் மதிப்பும் குறையக்கூடும். மாட்டு வண்டிக்கு இது பொருந்தலாம். ஏரியில் பிடித்த மடவைக் குஞ்சின் படம் ஒன்று வருகிறதென்று வைத்துக்கொள்வோம். ஐவரில் நால்வர் கடலையே கண்டிராதவர். ஒருத்தி பழவேற்காட்டு மீன் சந்தையில் கூடையோடு வளர்ந்தவள். நால்வரும் தவறாக ஒன்றைச் சொன்னால், சரியாகச் சொன்னவளின் வேலைதான் குற்றமாகும். அறிந்தவளுக்கு அபராதம், அறியாதவருக்குக் கூலி! ஊர்க்கூட்டத்தில் இப்படி நடந்தால் ஒரு கிழவியாவது எழுந்து சிரித்திருப்பாள்.

மூன்றாவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யந்திரம் கற்றுக்கொண்டு, எளிய படங்களுக்குத் தானே சீட்டு ஒட்டிவிடும். தனக்கு ஐயமுள்ளவற்றை மட்டும் மனிதருக்குத் தள்ளும். இதனால் செலவு 70 சதவிகிதம் வரை குறையும் என்று அமேசான் கம்பெனியே விளம்பரப்படுத்தியது. அந்தக் குறைவு யாருடைய கூலி என்று கேட்பாரில்லை. மிஞ்சும் படங்கள் மங்கலானவை, சிக்கலானவை. ஒரு நிமிஷத்தில் முடிந்தது ஐந்து நிமிஷம் பிடிக்கும். துண்டு விலையோ தானாக உயராது. ஏரியில் நல்ல இடங்களையெல்லாம் ஒருவன் எடுத்துக்கொண்டு, வற்றிய மூலையை மற்றவருக்கு விட்டால் குப்பம் பொறுக்குமா?

‘வேலையே இல்லாத இடத்தில் ஏதோ வந்தால் போதாதா? நிபந்தனை பேசினால் வேறு ஊருக்குப் போய்விடுவார்களே’ என்று சிலர் சொல்வார்கள். போகக்கூடியதுதான், மேகத்துக்கு எல்லை இல்லை. ஆயினும் நியாயமான கூலி கொடுத்தால் தொழில் நடவாது என்பது உண்மையன்று. பெங்களூரில் 2021-இல் தோன்றிய ‘கார்யா’ என்னும் ஸ்தாபனம், கிராமத்து ஏழை ஜனங்களின் பேச்சைப் பதிவுசெய்து வாங்குகையில் மணிக்குச் சுமார் 5 டாலர் கொடுத்தது. அதே பதிவு மறுபடி விற்கப்பட்டால் பேசியவர்களுக்குப் பங்கும் உண்டு என்று விதி செய்துகொண்டது. யந்திரங்களுக்குத் தமிழ் கற்பிக்கப் பட்டணத்துத் தமிழ் மட்டும் போதாது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் குப்பங்களில் வழங்கும் பெயர்களை அயலூர்ச் சந்தையில் எங்கே வாங்குவார்கள்? நம்மிடம் இருப்பது மலிவான கை மட்டுமன்று. பிறரிடம் இல்லாத அறிவும் இருக்கிறது. பேரம் பேச அது போதும்.

சட்டத்தை மட்டும் நம்பியிருப்பதற்கில்லை. 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய தொழிலாளரைப் பெயர் சொல்லி அங்கீகரித்து, காப்பீடு முதலிய நலத்திட்டங்களைப் பேசுகிறது. துண்டு வேலைக்கு அடிமட்டக் கூலி இன்னதென்று அது வரையறுக்கவில்லை. 2023-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்த நலவாரியமும் முக்கியமாகத் தெருவில் வண்டி ஓட்டிப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்களை மனத்தில் வைத்தே பேசப்பட்டது. அவர்களையாவது சிவப்பு விளக்கருகே பார்க்கிறோம். வீட்டு மூலையில் கைப்பேசித் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவளை யாரும் பார்ப்பதில்லை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபொழுது ஆலைத் தொழிலாளர் கூடிப் பேச ஓர் ஆலைவாயிலேனும் இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை.

ஆகவே பாட்டு முறையே நமக்கு நினைவுக்கு வருகிறது. வேலையைத் தனித்தனி ஆளாக எடுக்காமல் சங்கமாக எடுக்கட்டும். வந்த வேலையைச் சங்கம் முறை வைத்துச் சீட்டுப் போட்டுப் பங்கிடட்டும். எளியதும் கடினமானதும் எல்லோருக்கும் மாறி மாறி வரட்டும். துண்டு விலை ரூபாயில் சங்கப் பலகையில் முன்கூட்டியே எழுதப்படட்டும். தள்ளுபடி செய்பவர் காரணம் எழுதவேண்டும். அதைச் சங்கத்துப் பெண்கள் பார்த்து ஒப்பவேண்டும். தள்ளிய வேலையைக் கம்பெனி உபயோகிக்கக் கூடாது. குறிப்புப் படிக்கும் நேரமும் வேலை நேரமே.

பாட்டை நாம் குறையற்றதென்று கொண்டாட வரவில்லை. அதில் உரிமை பெறாத ஊர்களும் வகுப்புகளும் நெடுநாளாக முறையிட்டு வந்திருக்கின்றன. சேற்றில் அமர்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அந்தச் சீட்டில் பெயர் இல்லை. மீனவப் பெண்ணுக்குமே இல்லை. ஏரி சிறியது, பங்கு பெருகினால் மீன் போதாது என்பது பழைய சமாதானம். திரையில் வரும் வேலைக்கு அந்தச் சமாதானம் செல்லாது. பழைய பட்டியலை அப்படியே எடுத்துப் புதிய வேலைக்கு ஒட்டவைக்க எவரேனும் முயன்றால் நாமே முதலில் எதிர்ப்போம்.

மீன்வள இலாகாவிடம் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. புதிய இலாகா திறக்கவேண்டிய அவசியமில்லை. பொன்னேரியில் ஒரு கூட்டம் கூட்டி, இருளர் குடியிருப்புகளிலிருந்தும் ஆள் அழைத்து, மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் எழுதட்டும். கம்பெனிக்காரர் கையில் போகுமுன் அதன் நகல் குப்பங்களுக்குப் போய்ச் சேரட்டும்.